அம்மாவுக்காக எடுத்த பாடம்

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே எங்களுக்கு வந்து வாய்த்த தலைவலி, பொதுப் பாடம். கணக்கியல் படிக்க வந்தவளுக்கு நன்னெறி எதற்கு, நாட்டு வரலாறு எதற்கு, இன்னொரு மொழி எதற்கு என்றெல்லாம் கேட்கக்கூடாது. எடுத்தே ஆக வேண்டும். மொழிப் பாடத்தில் மட்டும் ஒரு நிபந்தனை உண்டு. அது வீட்டில் பேசாத மொழியாக இருக்க வேண்டும். ஜப்பானியம், அரபு, மண்டரின் சீனம், இவற்றில் ஒன்று.

நானும் என் தோழி நூருலும் கேண்டீனில் ஆளுக்கொரு தே தாரிக் டீயை வைத்துக்கொண்டு கைப்பேசியில் பாடங்களைப் பதிவு செய்துகொண்டிருந்தோம்.

"ஜப்பானியம் எடுலா ஷர்மினி. ஈஸியா ஏ வாங்கிடலாம்னு சீனியருங்க சொல்றாங்க."

அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் மண்டரினை அழுத்திவிட்டேன்.

"பைத்தியமா உனக்கு? அந்த எழுத்தெல்லாம் எழுதியே கை ஒடிஞ்சிரும்."

"எனக்குக் காரணம் இருக்கு" என்றேன். காரணம் என் அம்மா.

அம்மாவின் பெயர் புஷ்பவள்ளி. லிட்டில் இந்தியாவில் ஒரு சேலைக் கடையில் வேலை. அவரை முதல்முறை பார்க்கிறவர்கள் கொஞ்சம் தடுமாறித்தான் போவார்கள். சீன முகம், நெற்றியில் பெரிய பொட்டு, கழுத்தில் தாலி, வாயைத் திறந்தால் நிபோங் திபால் ரப்பர் தோட்டத்துத் தமிழ். அந்தக் காலத்தில் வளர்க்க வழியில்லாத சில சீனக் குடும்பங்கள் பெண் குழந்தைகளைத் தமிழர்களிடம் கொடுத்துவிடுவது உண்டு. அம்மாவையும் கைக்குழந்தையாக அப்படித்தான் கொடுத்தார்கள். பெற்றவர்கள் யாரென்று அவருக்குத் தெரியாது. தமிழ்ப்பள்ளியில் படித்தார், அதே தோட்டத்து ஜெயராஜைக் கட்டிக்கொண்டார், என்னைப் பெற்றார்.

தமிழ்நாட்டிலிருந்து வரும் சுற்றுப்பயணிகள் கடையில் அவரைப் பார்த்து வாய்பிளப்பார்கள். "தமிழ் எவ்வளவு அழகா பேசறீங்க! எங்க கத்துக்கிட்டீங்க?"

"எங்கம்மாகிட்ட" என்பார். அதற்கப்புறம் அவர்கள் தலைகீழாக நின்றாலும் விலையில் ஒரு காசு குறைக்க மாட்டார்.

வெளியில் போனால் இன்னும் மோசம். பசாரில், கிளினிக்கில், பஸ்ஸில், எல்லோரும் அவரிடம் சீனத்தில்தான் பேச்சைத் தொடங்குவார்கள். அம்மாவுக்கு விலை பேசும் அளவுக்கு ஹொக்கியன் என்ற சீனப் பேச்சுமொழி தெரியும், அதற்கு மேல் தெரியாது. சில பேர் முகத்தைச் சுளித்துவிட்டுப் போவார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமாக வரும். நான் படித்து வைத்துக்கொண்டால் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று பதில் சொல்லலாம் அல்லவா? இதைவிட நல்ல பொதுப் பாடம் எனக்கு எங்கே கிடைக்கும்?

பெரிய காரியம் செய்துவிட்ட மிதப்போடு அன்று மாலை வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"மாத்திடு" என்றார்.

"ஏன்மா?"

"பசார்ல பேசுறது ஹொக்கியன். உங்க காலேஜுல சொல்லித் தர்றது மண்டரின். அது வேற, இது வேற. ஜப்பான் பாஷை எடு, பேக்டரில நல்ல வேலை கிடைக்கும்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "உங்களுக்காகத்தான்மா எடுத்தேன்!"

அம்மா மடித்த துணியைக் கீழே வைத்தார். "எனக்காகவா? ஊர்ல எல்லாரும் என் மூஞ்சியப் பாத்துட்டு அந்த பாஷையில பேசுறாங்க. அவங்களுக்கு என்னைத் தெரியாது, பேசட்டும். நீ என் வயித்துல பொறந்தவ. உன் கண்ணுக்கும் நான் சீனத்தியாத்தான் தெரியறேனா?"

அப்படி நினைக்கவே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அழுகைதான் வந்தது, அம்மா அதற்குள் அடுப்படிக்குப் போய்விட்டார்.

மாக் மண்டின் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து வந்த அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் தலையைக் குனிந்து முடியை விலக்கிக் காட்டினார். உச்சந்தலைக்குப் பக்கத்தில் ஒரு பழைய தழும்பு.

"பள்ளிக்கூடத்துல ஒருத்தன் அவளச் சீனத்தின்னு கூப்பிட்டான். கல்லெடுத்து மண்டைய ஒடைச்சிட்டா. அந்த மண்டை இதுதான்."

"அப்புறம் எப்படிப்பா உங்களக் கட்டிக்கிட்டாங்க?"

"அதுக்கப்புறம் நான் கூப்பிடலயே. நீயும் மாத்திடு பாப்பா. நீ நல்லதுக்குத்தான் செஞ்ச. ஆனா அவளுக்கு வலிக்குதே."

பாடம் மாற்ற வெள்ளிக்கிழமை வரை நேரம் இருந்தது. மறுநாளே வகுப்பு முடிந்ததும் கடைக்குப் போனேன். அம்மாவின் கண் முன்னாலேயே மாற்றிவிட வேண்டும் என்று எனக்கு இருந்தது. வேறு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை.

கடையில் ஒரு சீனப் பாட்டி நின்றிருந்தார். அம்மன் கோயில் வேண்டுதலுக்கு மஞ்சள் துணி வாங்க வந்தவர். அம்மா ஹொக்கியனில் விலை சொன்னார். பாட்டி பணத்தைக் கொடுத்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஏதோ பேசினார். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளாமல் சிரித்தபடி தலையாட்டிக்கொண்டே இருந்தார். பாட்டி ரோட்டைக் கடந்து போகும்வரை வாசலிலேயே நின்று பார்த்தார்.

"யாரும்மா? தெரிஞ்சவங்களா?"

"இல்ல. சும்மா."

நான் கைப்பேசியை எடுத்துப் பதிவுப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். "பாருங்க, ஜப்பானியத்துக்கு மாத்துறேன். மன்னிச்சிடுங்கம்மா. எனக்கு நீங்க அம்மா மட்டும்தான், வேற ஒண்ணுமில்ல."

விரல் திரையைத் தொடுவதற்குள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இரு."

சேலைக் கட்டுகளுக்குப் பின்னால் என்னை இழுத்துப்போனார். குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பாட்டி வயசுல சீனங்க யாரு கடைக்கு வந்தாலும் நான் உத்துப் பாப்பேன் ஷர்மி. உங்கப்பாவுக்குக்கூடத் தெரியாது. என்னைப் பெத்தவங்க உசுரோட இருந்தா இவங்க வயசுதான் இருக்கும்."

இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இது எனக்குத் தெரியாமல் போயிற்றே. "தேடணுமாம்மா? நான் தேடித் தரேன்."

"சேச்சே. எனக்கு அம்மான்னா என்னை வளர்த்தவங்கதான். அதுல மாத்தமே இல்ல." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஆனா பெத்த புள்ளையக் கொடுத்துட்டு ஒருத்தி எப்படித் தூங்கியிருப்பா? நீ பொறந்தப்பதான் எனக்கு அது ஒறைச்சது. உன்னை நர்ஸு கையில குடுக்கவே எனக்கு மனசு வரல."

நான் அவர் தோளைக் கட்டிக்கொண்டேன்.

"என்னைக்காவது அவங்க வந்து நின்னா ஒண்ணே ஒண்ணு சொல்லணும். 'என்னை நல்லா வளத்தாங்க, நீங்க கவலப்படாதீங்க.' எனக்கு வெல சொல்லத் தெரியுது, இதச் சொல்லத் தெரியலயே. வயசானவங்களுக்கு மண்டரின் வராது. ஹொக்கியன்ல எப்படிச் சொல்றதுன்னு உன் வாத்தியார்கிட்டக் கேட்டுக்க."

"கேட்டுட்டு வந்து உங்களுக்குச் சொல்லித் தரேன். நீங்களே சொல்லுங்க."

"நான் சொன்னா பாதியில அழுதிருவேன். நீ என் பக்கத்துல நின்னு சொல்லு." என் கன்னத்தைத் தட்டினார். "உன்னைப் பாத்தாத்தான் அவங்க நம்புவாங்க."

நான் எதையும் மாற்றாமல் கைப்பேசியைப் பைக்குள் போட்டேன். வாசலில் யாரோ வந்து நின்றார்கள். அம்மா அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாங்கக்கா, என்ன சேலை பாக்குறீங்க?" என்று கேட்டபடி முன்னால் போனார்.