ஆறாம் நாள் தலையெண்ணிக்கை

பின்சி டீச்சர் வாடகை வள்ளத்திலிருந்து இறங்கும்போதே ரெமணி பார்த்துவிட்டாள். பார்த்தும் நிமிரவில்லை. அவித்த சிப்பியைச் சல்லடையில் கொட்டி, ஓடு வேறு சதை வேறாகச் சலித்துக்கொண்டிருந்தாள். வா என்று ஒரு வார்த்தை கிடையாது.

"ஆதிரா எங்கே, ரெமணி? ஸ்கூல் திறந்ததுல இருந்து வரவே இல்லையே."

"அட, என் மக வராதது உங்க கண்ணுக்குத் தெரியுதா டீச்சரே? போன வருஷம் முழுக்க வந்தா. அப்போ தெரியலையே."

பின்சி பல்லைக் கடித்துக்கொண்டாள். மல்லுக்கு நிற்க இது நாளல்ல. பள்ளி திறந்து இன்று ஆறாம் நாள். வருஷத்துக்கு ஒரே ஒரு தலையெண்ணிக்கை, அது இன்றுதான். பத்தரை மணிக்குக் கல்வி அதிகாரி வருவார். நாலாம் வகுப்பில் முப்பத்தோரு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தால் இரண்டு பிரிவு. முப்பது என்றால் ஒரே பிரிவு. கடைசியாக வேலைக்குச் சேர்ந்த பின்சி வீட்டுக்குப் போகவேண்டியதுதான். ஆதிராவை விட்டால் முப்பதே பேர். ஆறு வருஷம் தவம் கிடந்து வாங்கிய வேலை.

"லேட்டா வந்தா வெளியே நிக்கணும். எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்," என்றாள் குரலைத் தணித்து. "நேரத்துக்கு வர இந்த வயசுல பழகலைன்னா எப்போ பழகுறது?"

"பத்து மணி ஸ்கூலுக்குப் படகு துறைக்கு வர்றதே பத்தேகாலுக்கு. அதுக்கு முந்தின படகு காலையில ஆறு மணிக்கு. எட்டு வயசுப் பிள்ளை விடியுமுன்னே வந்து உங்க பூட்டின கேட்டுக்குக் காவல் கிடக்கணுமா? கால் மணி நேரம் லேட்டுன்னு முதல் பீரியட் முழுக்க வராந்தாவுல நிறுத்தினீங்க. முதல் பீரியட் கணக்கு. பன்னெண்டை மூணால வகுக்கத் தெரியாது அவளுக்கு. அது போதாதுன்னு ரெஜிஸ்டர்ல ஆப்சென்ட் வேற. வந்து நிக்கிற பிள்ளைக்கு ஆப்சென்ட்."

பின்சிக்குச் சுருக்கென்றது. ஆத்திரமும் பொங்கியது. இவளுக்கு என்ன தெரியும்? முப்பது வாண்டுகளை அடக்கி உட்காரவைத்துப் பாடத்தைத் தொடங்கினால், ஈரக் குடையோடு ஒன்று உள்ளே நுழையும். மொத்த வகுப்பும் அங்கே திரும்பும். ஒருத்திக்கு விட்டுக்கொடுத்தால் நாளைக்குப் பத்துப் பேர் ஆடி அசைந்து வருவார்கள்.

ஆதிரா வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். நீலப் பாவாடை இல்லை, பச்சை. அக்கரைப் பள்ளியின் சீருடை. தோளில் புதுப் பை, கையில் புதுக் குடை. டீச்சரைக் கண்டதும் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.

"அக்கரை ஸ்கூல்காரங்க நேத்தே வந்துட்டாங்க," என்றாள் ரெமணி. "அங்கே படகு வந்தப்புறம்தான் மணி அடிப்பாங்களாம். இன்னைக்குச் சேர்க்கப்போறேன்."

"பையும் குடையும் குடுத்துப் பிள்ளை பிடிக்கிறாங்க. அதுக்குப் போய் மயங்கிட்டியா?"

"நீங்க எதுக்கு வந்தீங்களாம்? என் மக உங்களுக்குப் பாடம் நடத்தவா வேணும், எண்ணிக் காட்டவா?"

பின்சிக்கு முகம் சிவந்தது.

"சரி. இனிமே படகு வந்தப்புறம்தான் கணக்குப் பாடம் எடுப்பேன். முதல் பீரியடுக்குப் பாட்டு வச்சுக்கறேன். சத்தியமாச் சொல்றேன்."

சல்லடை நின்றது. "அப்படி மாத்திக்க முடியுமா?"

"ஏன் முடியாது? என் கையிலதானே இருக்கு."

"அப்போ ஒரு வருஷமா ஏன் டீச்சரே மாத்தலை?"

பின்சி திரும்பி நடந்தாள். வள்ளத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

அதிகாரி வந்து சேரும்போது மணி பத்து ஐம்பது. "ஆத்துல ஆகாயத்தாமரை அடைச்சுப் படகு நின்னுபோச்சு," என்றபடி நேராக வகுப்புக்குள் வந்தார். பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். தலைமையாசிரியை நாற்காலியை இழுத்துப் போட்டு, இளநீர் கொண்டுவரச் சொன்னாள். ஏன் லேட் என்று யாரும் கேட்கவில்லை.

அவர் இரண்டு தடவை எண்ணினார். "பட்டியல்ல முப்பத்தொண்ணு. இங்கே முப்பதுதான் இருக்கு. யாரு இந்த ஆதிரா?"

"காய்ச்சல்னு சொல்லு," என்று தலைமையாசிரியை காதோரம் கிசுகிசுத்தாள்.

பின்சி சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"நான் அவளை வெளியே நிறுத்தினேன் சார்."

அதிகாரி எழுந்துபோய் வராந்தாவை எட்டிப் பார்த்தார். "இங்கே யாரையும் காணோமே டீச்சர்."

"ஆமா சார். போயிட்டா."

அவர் முப்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.