மூன்று சுற்று நூல்

ஏழாவது தடவையும் வேன் இருமியது, கார்புரேட்டர் வழியாக ஒரு வெடி போட்டது, அப்படியே அடங்கிப்போனது. பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த வேன்காரம்மா நிமிர்ந்து, கந்தல் துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள். மணி எட்டே கால். பத்து மணிக்கு வண்டி கம்பெனி வாசலில் நின்றாக வேண்டும். போன மாதம் இதே வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்தி, சூப்பர்வைசர் கண் முன்னால் நாலு தடவை சாவியைத் திருப்பியும் அது அசையவில்லை. மானம் கப்பலேறிவிட்டது. "ஸ்டார்ட் ஆகுற வண்டியா கொண்டாங்கம்மா. இன்னொரு தடவ பாக்கறேன், அதோட சரி" என்று அந்த மனிதர் சிரிக்காமல் சொல்லியிருந்தார். அங்கே கிடைக்கப்போவது வெளியூர் லோடு ஓட்டுகிற வேலை, வாரத்தில் மூன்று இரவு வெளியே தங்க வேண்டும். இருபது வருஷமாக ஒரே பத்துப் பதினோரு தெருவுக்குள் பீரோவும் கட்டிலும் ஏற்றி இறக்கிச் சலித்தவளுக்கு அந்த நீண்ட சாலை எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை அவள் வாய்விட்டுச் சொன்னது ஒரே ஒருவரிடம்தான். அந்த ஒருவர் இப்போது டிரைவர் சீட்டில் சாவியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இன்னொரு தடவ போடவா?" என்றார் புருஷன்.

"வேணாங்க, பேட்டரி இறங்கிடும். நான் சொல்றப்ப போடுங்க."

அவர் தையல்காரர். முன்னறையில் மெஷின், சுவரோரம் வெட்டுப் பலகை, நாள் முழுக்க அங்கேயே குனிந்தபடி கிடப்பார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். கல்லுளிமங்கன் என்று அவளே கேலி பண்ணுவாள். இன்றைக்கு யாரும் கூப்பிடாமலே, ஆறரைக்கெல்லாம் மெஷினை மூடிவிட்டு வந்து சீட்டில் ஏறிக்கொண்டார். இப்படி ஒரு மனிதர் எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது.

நேற்று மத்தியானம்தான், பிளக்குகளுக்குப் பொறி கிளப்பிக் கொடுக்கிற பழைய பாயிண்டைக் கழற்றிப் போட்டாள். மழைக்கு ஒரு தடவை, குளிருக்கு ஒரு தடவை என்று உப்புத்தாள் வைத்துத் தேய்த்தே அவள் விரல் நுனி மரத்திருந்தது. அதற்குப் பதிலாக எலக்ட்ரானிக் இக்னிஷன் செட், கூடவே, நாலு சிலிண்டருக்கும் பொறியைப் பிரித்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டருக்குப் புது மூடி. மூடியை மாற்ற நாலு பிளக் வயரையும் அதிலிருந்து உருவ வேண்டும். எந்த வயர் எந்த சிலிண்டருக்கு என்று மறக்காமல் இருக்க அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. புருஷன் பெட்டியிலிருந்து கறுப்பு நூலை எடுத்து, முதலாவது வயரில் ஒரு சுற்று, இரண்டாவதில் இரண்டு, இப்படி நாலு வரைக்கும் சுற்றி முடிச்சுப் போட்டுவிடுவாள். திரும்ப மாட்டும்போது சுற்றை எண்ணினால் போதும். நேற்றும் அப்படித்தான் முடிச்சுப் போட்டு உருவி வைத்துவிட்டு, ஒரு ஸ்குரூ குறைகிறதே என்று கடைக்குப் போனாள். வந்து சுற்றை எண்ணி மாட்டினாள். பேட்டரி சார்ஜில் இருந்ததால் காலையில்தான் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க முடிந்தது.

புதுச் சாமான் மேல்தான் முதலில் சந்தேகம் வந்தது. கரண்ட் வருகிறதா என்று காயிலில் டெஸ்ட் பல்பை வைத்தாள், பளிச்சென்று எரிந்தது. ஒரு பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் சாய்த்துவைத்து சாவியைத் திருப்பச் சொன்னாள். நீல நிறத்தில் பொறி பறந்தது. பாயிண்ட் காலத்தில் அப்படிப் பொறி பார்த்ததே இல்லை. பிளக் முனையில் பெட்ரோல் ஈரமும் இருந்தது. முதல் சிலிண்டர் ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு ஸ்பேனரால் இன்ஜினைச் சுற்றினாள். காற்று விரலைத் தள்ளியது, பொறி விழும் நேரத்தைக் காட்டுகிற குறியும் நேராக வந்து நின்றது. எல்லாம் சரி, வண்டி மட்டும் கிளம்பாது என்றால் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

"புதுசே இப்படித்தான். பேசாம பழைய பாயிண்டையே போட்டுடு" என்றார் அவர் உள்ளேயிருந்து. "கம்பெனிக்கு இன்னொரு நாள் போய்க்கலாம்."

"இன்னொரு நாள் கிடையாதுங்க."

"இல்லன்னா விடேன். இப்ப நமக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

அவள் மறுபடி பானெட்டுக்குள் குனிந்தாள். பாக்கி இருந்தது வயர் மட்டும்தான். நாலும் இன்ஜின் பின்பக்கம் ஒரே கிளிப்பில் சேர்ந்து போவதால் கண்ணுக்குத் தெரியாது. கையை விட்டு ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனாள். மூன்று சுற்று நூல் கட்டிய வயர் போய் முடிந்தது இரண்டாவது பிளக்கில்.

சீ, எண்ணத் தெரியாமலா கட்டினேன் என்று முதலில் தன்னையேதான் திட்டிக்கொண்டாள். பிறகு முடிச்சைப் பார்த்தாள். ஒன்றிலும் நாலிலும் இருந்தது அவள் முடிச்சு, பல்லால் கடித்துத் துப்பிய முனையோடு உருண்டையாகத் துருத்திக்கொண்டிருந்தது. இரண்டிலும் மூன்றிலும் நூல் படிந்து கிடந்தது. முனை உள்ளே செருகி, மிச்சம் தெரியாமல் ஒட்ட வெட்டியிருந்தது. அவள் உடுத்துகிற துணியில் ஒவ்வொரு பித்தானும் இப்படித்தான் முடிந்திருக்கும்.

இது அவர் கை வேலை. சொல்லிக்கொடுத்ததும் அவளேதான். நேற்று நூல் சுற்றும்போது குஷியில், "இதுல ரெண்டும் மூணும் மாறினா போச்சு, இருமிக்கிட்டே கெடக்கும், தலைகீழா நின்னாலும் கெளம்பாது" என்றாள். அவர் நூல்கண்டை நீட்டினார். தான் கடைக்குப் போன நேரத்தில் நூலை மாற்றியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆறரையிலிருந்து அந்த சீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு தடவையும் "இப்ப போடவா, இப்ப போடவா" என்று கேட்டாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. தான் கிறுக்கச்சி மாதிரி பிளக்கைக் கழற்றி மாட்டுவதைக் பானெட் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே அல்லவா இருந்திருக்கிறார்.

வயர்களை மாற்றிப் பொருத்தினாள். மணி ஒன்பதரை.

"ரெண்டும் மூணும் மாறிக் கெடந்துச்சு" என்றாள் பானெட்டுக்குப் பின்னாலிருந்து. "சரி பண்ணிட்டேன். இப்ப சாவியத் திருப்புங்க."

ஸ்டார்ட்டர் சத்தம் வரவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுச் சுற்றிக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள். அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எறங்குங்க."

"மூணு ராத்திரி" என்றார் அவர். "இந்த வீட்ல ஒத்தையா உக்காந்து நான் என்ன பண்றது?"

"போகாதன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ கேட்டிருக்க மாட்ட."

"கேட்டிருக்க மாட்டேன்தான். சண்ட போட்டிருப்பேன். நீங்களும் போட்டிருக்கலாம்ல. இருபது வருஷமா எங்கூட ஒரு சண்ட போட ஒங்களுக்கு வாய் வரல, இதுக்குக் கை வந்துச்சா?"

அவர் இறங்கினார். அவள் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். பாதிச் சுற்றிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டு, ஒரு இருமல்கூட இல்லாமல், அவள் இத்தனை வருஷத்தில் கேட்டிராத சீரான சத்தத்தில் ஓடியது. சந்தோஷப்பட வேண்டிய சத்தம். அவள் மணியைப் பார்த்தாள்.

"பானெட்ட மூடுங்க. நேரமாச்சு."

அவர் வண்டிக்கு முன்னால் போனார். தூக்கி நிறுத்திய பானெட் கண்ணாடி முழுவதையும் மறைத்திருந்ததால் அதற்குப் பிறகு அவர் தெரியவில்லை. பானெட்டும் இறங்கவில்லை. அடியில் நாலு விரற்கடை இடைவெளி, அதன் வழியாக அவர் கை மட்டும் தெரிந்தது. இன்ஜின் ஓரத்தில் சும்மா ஊன்றியிருந்தது. தாங்குகம்பியை எடுக்கப் போகிறதா, இல்லை வேறெதையாவது தொடப் போகிறதா என்று தெரியவில்லை. ஓடுகிற இன்ஜினை அவரிடம் விட்டுவிட்டு எத்தனையோ தடவை அவள் கடைக்குள் போயிருக்கிறாள், வீட்டுக்குள் போய்ச் சாப்பிட்டுவிட்டும் வந்திருக்கிறாள்.

அந்தக் கை அசைவதற்காகக் காத்திருந்தாள். ஒன்பது நாற்பது. இப்படியே போனால் கம்பெனிக்குப் பத்து மணிக்குள் போவது கஷ்டம். இறங்கிப் போய்த் தானே மூடிவிட்டு வர அரை நிமிஷம்கூட ஆகாது. ஓடிக்கொண்டிருந்த இன்ஜினை அணைத்தாள், சாவியை உருவி உள்ளங்கையில் இறுக்கி மூடிக்கொண்டு, கீழே இறங்கினாள்.