மீதியும் ஜெபராஜ்தான் எழுதுவார்

ஜெபராஜுக்குப் பேச்சு வராது. கைகளும் சொன்னபடி கேட்பதில்லை. வலது கால் கட்டைவிரல் ஒன்றுதான் கேட்கும். டிவியில் ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றாக மின்னிக்கொண்டே போகும். வேண்டிய எழுத்து வரும்போது அவர் கட்டைவிரலால் சுவிட்சை அழுத்தினால், அது கீழே பதியும். பள்ளி வயதிலிருந்து அவர் அப்படித்தான் ஆங்கில எழுத்துகளிலேயே தமிழ் எழுதிவந்தார். அதற்காக டிவியோடு இணைத்திருந்த, அப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த சின்னக் கணினி போன மாதம் ஒரேயடியாக நின்றுபோனது.

தங்கை ஷெர்லின், அந்தக் கணினிக்கான பழைய கேசட்டில் இருந்த எழுத்து புரோகிராமை லேப்டாப்பில் ஏற்றினாள். அந்தக் கணினியைப் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் ஒன்று கிடைத்தது. அண்ணனுக்கு உதவியாக இருக்கட்டும் என்று வேகத்தை உச்சத்தில் வைத்தாள். எழுத்துகள் பறந்தன. ஜெபராஜ் சுவிட்சை உதைத்துத் தள்ளிவிட்டார். அவள் மன்னிப்புக் கேட்டு, வேகத்தைப் பழைய நிலைக்குக் குறைத்தாள்.

"நான் வாங்கிக் குடுத்த டேப்லெட் சும்மாதானே கெடக்கு மச்சான்?" என்றான் அவள் கணவன் பிரவீன்ராஜ். "ரெண்டு எழுத்து தட்டுனா மீதிய அதுவே எழுதிடும்."

டீயில் ஏடு படியும்வரை ஜெபராஜ் எழுதினார்: 'மீதியும் என்னோடதுதான்.'

"கோவம் மட்டும் ஸ்பீடா வருது!" என்றான் பிரவீன்ராஜ்.

சனிக்கிழமை, கே.கே. நகரில் இருந்த அவர்கள் வீட்டில் அன்பிய ஜெபம். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி, ஒவ்வொருவராக மன்றாட்டுச் சொன்னார்கள். ஜெபராஜின் முறை வந்தது.

"லேட்டாகுது. மச்சானுக்குப் பதிலா நீயே சொல்லிடேன்," என்று பிரவீன்ராஜ் மனைவியிடம் கிசுகிசுத்தான். அதற்குள் ஜெபராஜ் சுவிட்சில் காலை வைத்துவிட்டார்.

'எனக்' என்று வந்ததுமே லூர்துராணி டீச்சர் கைகூப்பினார். "எனக்குச் சுகம் தாரும் ஆண்டவரே! பாவம்..."

நாலைந்து பேர் ஆமென் சொன்னார்கள். ஜெபராஜ் தலையை ஆட்டி மறுத்தார்.

"பொறுமை கேக்குறாரோ?" என்றார் இன்னொருவர்.

மறுபடியும் மறுத்தார்.

"நீங்க எல்லாருமே அந்த டேப்லெட்தான்," என்றாள் ஷெர்லின். "கொஞ்சம் சும்மா இருங்க. அண்ணனே சொல்லட்டும்."

கிளம்ப எழுந்த ஒருவர் பையை வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். காத்திருப்பதும் ஜெபம்தான். மின்விசிறிச் சத்தத்தின் நடுவே எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

'எனக்காக இல்லை. செல்லக்கண்ணு முட்டி வலிக்காக.'

எல்லோரும் திரும்பினார்கள். ஜெபராஜைக் குளிப்பாட்டிச் சாப்பாடு ஊட்டுவதற்காகத் தினமும் ஜீயபுரத்திலிருந்து பஸ் ஏறி வரும் செல்லக்கண்ணு, டீத்தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். வலியைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சுவிட்டதில்லை.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

கட்டைவிரல் மறுபடி அசைந்தது. இந்த முறை யாரும் குறுக்கிடவில்லை.

'பொய்.'

லூர்துராணி டீச்சர் எழுந்துபோய்த் தட்டை வாங்கிக்கொண்டு, தன் நாற்காலியைக் காட்டினார்.

"போய் உக்காரு செல்லக்கண்ணு. டீயை நான் குடுக்குறேன்."