காந்தம் ஒட்டாத கூரை

வெர்லின் தன் கொட்டகைச் சன்னல்களில் பழைய செய்தித்தாள் ஒட்டிய அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எங்கள் ஊர் சால்ட்புஷ்ஷில் சன்னலுக்கு வெளியே பார்ப்பதற்கு ஒன்றும் கிடையாது. பருத்திக்காடு, அதைத் தாண்டி தலையாட்டிக்கொண்டே எண்ணெய் இறைக்கும் எந்திரங்கள், அதையும் தாண்டினால் வெயில். வெளியே இருந்து உள்ளே பார்க்கத்தான் ஏதாவது இருக்கும். அதை ஒருவன் மறைக்கிறான் என்றால் அவனை நம்புவதற்கில்லை.

அது எண்பத்து மூன்றாம் வருடம். உள்ளே இருந்தது டோர்சியின் வண்டி. முப்பத்திரண்டாம் வருடத்து ஃபோர்டு. டோர்சி போரிலிருந்து திரும்பியதும் அதன் கூரையைக் குறுக்கே அறுத்து, தாழ்த்தி, ஒட்டி, பெரிய எஞ்சினைத் திணித்து, காய்ந்த ஏரிப் படுகையில் ஓட்டியவன். அந்த மாதிரி வண்டியை நாங்கள் ஹாட் ராட் என்போம். அவன் ஓட்டின வேகத்தில் ஒரு தடவை நிழல் பின்தங்கிவிட்டது. சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. நான் பார்த்தேன்.

டோர்சி அதற்கு முந்தின இலையுதிர் காலத்தில் செத்துப்போனான். வண்டி அதற்கு முன்பே பத்து வருடமாகப் பாதாம் கிடங்கில் கிடந்து, முழங்கால் உயரத்துக்குத் துரு ஏறி, இருக்கையில் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. அடக்கம் முடிந்த வாரமே வெர்லின் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு டோர்சியின் மனைவி ஓபல் வீட்டு வாசலில் நின்றான். "நான் சரி பண்ணித் தரேன். ஒண்ணும் குடுக்க வேணாம்" என்றான். அவளும் சரியென்றாள்.

வெர்லினுக்கு வேலை தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. எண்ணெய்க் கம்பெனியில் குழாய் ஒட்டியே ஓய்வு பெற்றவன். ஆனால் கடையில் வாங்கின கருவியைத் தொட்டால் அவனுக்குக் கை அரிக்கும். எல்லாம் சொந்தத் தயாரிப்பு. தண்டவாளத் துண்டை வளைத்து, மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு உருளைகளை மாட்டி ஒரு சக்கரம் செய்திருந்தான். நடுவில் தகட்டை விட்டு முன்னும் பின்னும் தள்ளினால் தகடு குழந்தையின் கன்னம் மாதிரி உப்பி வரும். அந்தச் சக்கரத்தின் கனத்தில் வீடே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அவன் சூப்பு குடிக்கும்போது கிண்ணத்தின் மேற்கு ஓரத்தில்தான் சூப்பு இருக்கும். தகட்டைக் குழிக்க ஒரு பௌலிங் பந்து, தட்டிப் பரப்ப மணல் ரொப்பின குத்துச்சண்டை மூட்டை. காற்று அடிக்க ஒரு பழைய ஃப்ரிட்ஜின் கம்ப்ரசர். அதற்குப் பழைய தொழில் மறக்காததால், ஆகஸ்ட் மாதத்திலும் கொட்டகை குளிரும்.

இதையெல்லாம் போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்த ஆள் ஜனவரியில் சன்னலை மூடினான். காப்பியை வாசலுக்குக் கொண்டுவந்து குடிக்க ஆரம்பித்தான். கதவை முதுகால் சாத்திக்கொண்டு பேசினான்.

ஓபல் என்னைக் கூப்பிட்டுவிட்டாள். பெக்கான் கொட்டை போட்டுச் சுட்ட பை பலகாரத்தில் ஒரு துண்டு வெட்டித் தட்டில் வைத்தாள். பெரிய துண்டு. அதிலேயே விஷயம் இருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"ஹோய்ட், அந்த ஆளு என் வண்டிய என்ன பண்ணிட்டிருக்கான்?"

"தட்டுறான். சத்தம் கேக்குதே."

"தட்டுற சத்தம் எனக்கும் கேக்குது. எதத் தட்டுறான்? டோர்சி இருக்கும்போது மூணு தடவ அந்த வண்டிய விலைக்குக் கேட்டவன். இப்ப சும்மா செஞ்சு தரேன்கிறான். அசல் உடம்பக் கழட்டி வேற எவனுக்காவது தள்ளிட்டு, எனக்கு ஓட்டையெல்லாம் பட்டி பூசி அடச்ச ஒண்ணக் குடுத்துட்டான்னா?"

"வெர்லினா? சேச்சே" என்றேன். எனக்கும் அதே எண்ணம்தான். பை தீரும்வரை சொல்ல வேண்டாமே என்று பார்த்தேன்.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஏப்ரல் மாதம் கண்காட்சித் திடலில் எங்கள் ஊர் வண்டிகள் கூடும். கொடிக்கம்பத்துக்குக் கீழே முன் வரிசை, இரும்பு வரிசை. கழிவறைக்குப் பக்கத்தில் பின் வரிசை, பட்டி வரிசை. ஒருவர் காந்தத்தோடு வண்டி வண்டியாகப் போவார். உடம்பில் எங்கே வைத்தாலும் ஒட்டினால் முன்னால். ஓரிடத்தில் விழுந்தாலும், அங்கே தகட்டுக்குப் பதில் பட்டியை அப்பியிருக்கிறான் என்று பின்னால். பெரிய மனிதர்கள் அங்கே அழுது பார்த்திருக்கிறேன். டோர்சியின் வண்டி ஓடின காலமெல்லாம் கம்பத்தடியில் முதலில் நின்றது. "என் கூரையில ஒரு துளி பட்டி கிடையாது. தகட்டோட தகடு. தட்டியே சேத்தது" என்பான். இருபது வருடம் காந்தம் பிடித்தவனும் அவன்தான். அந்த இடத்தில் அந்த வண்டி நின்றால் டோர்சியும் நிற்கிற மாதிரி என்று ஓபல் நினைத்தாள். பட்டி வரிசைக்குப் போனால் அவனைத் தோண்டி எடுத்துக் கழிவறைப் பக்கம் புதைத்த மாதிரி.

"போய்ப் பாத்துட்டு வா. உன்கிட்ட காந்தம் இருக்கில்ல?"

இருந்தது. பால்மாடு வைத்திருந்த எவனிடமும் இருக்கும். மாடு ஆணியை விழுங்கிவிடும் என்று அதன் வயிற்றில் ஒரு காந்தத்தை முன்கூட்டியே இறக்கி வைப்போம். என்னுடையது ஒரு நல்ல மாட்டிலிருந்து வந்தது. உயிரோடு இருந்தவரை அந்த மாடு வடக்குப் பார்த்துத்தான் படுக்கும்.

மறுநாள் வெர்லின் வீட்டுக்குப் போனேன்.

"என்னடா, மோப்பம் பிடிச்சிட்டு வந்திட்டியா?" என்றான் வாசலிலேயே.

"காப்பி வாசன வந்துச்சு."

"அடுப்பே மூட்டல."

"அதான், ஏன் இன்னும் வரலன்னு பாக்க வந்தேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தான். "ஓபல் அனுப்பினாளா?"

"எந்த ஓபல்?"

முணுமுணுத்துக்கொண்டு காப்பி போட வீட்டுக்குள் போனான். நான் கொட்டகைக்குள் நுழைந்தேன். வண்டி நின்றது. கதவு, முதுகு, மூக்கு எல்லாம் வெறும் இரும்பாக மின்னின. கூரைக்கு மட்டும் பிரைமர், அந்தச் சாம்பல் நிற அடிப்பூச்சு, அடித்திருந்தான். ஒருவன் உடம்பெல்லாம் திறந்துபோட்டுவிட்டுத் தலையில் மட்டும் துண்டு கட்டியிருந்தால் என்ன அர்த்தம்? காந்தத்தைக் கதவில் வைத்தேன், ஒட்டியது. முதுகில் வைத்தேன், பிடுங்க வேண்டியிருந்தது. சன்னலுக்கு மேலே, கூரை சேரும் மூலையில் வைத்தேன். 'டிக்' என்று தரையில் விழுந்தது. அந்தப் பக்க மூலையிலும் விழுந்தது. காப்பி குடிக்காமலேயே வந்துவிட்டேன். எனக்கு அது பெரிய தியாகம்.

"பட்டி" என்றேன் ஓபலிடம்.

அவள் ஏப்ரனைக் கழற்றி நாற்காலியில் மாட்டினாள். பைபிளை எடுப்பாள் என்று நினைத்தேன். கார் சாவியை எடுத்தாள்.

வெர்லின் கொட்டகைக் கதவை மறிக்கப் பார்த்தான். ஓபல் அவனை ஒரு பார்வை பார்த்தாள், அவன் நகர்ந்துகொண்டான். நேராகக் கூரை மூலைக்குப் போய் விரலால் தட்டினாள். சத்தம் செத்திருந்தது.

"இது என்ன?"

"பிரைமர்."

"அதுக்குக் கீழ?"

"ஓபல், வீட்டுக்குப் போ. ஏப்ரல்ல வந்து வண்டிய எடுத்துக்கோ."

"பட்டி பூசியிருக்கே."

"பட்டி இல்ல."

"அப்ப காந்தம் ஏன் விழுது?"

வெர்லின் என்னைப் பார்த்தான். நான் பௌலிங் பந்தைப் பார்த்தேன்.

"பட்டின்னா எரியும், நாறும். பாத்துடுவோம்" என்று அவள் கேஸ் டார்ச்சை எடுத்தாள். போர்க்காலத்தில் ரிச்மண்ட் துறைமுகத்தில் கப்பலுக்கு வெல்டிங் அடித்தவள் அவள். தீயை ஊசி மாதிரி கூராக்குவதற்கு வெர்லினுக்கு ஆகிற நேரத்தில் பாதிகூட ஆகவில்லை.

"வேணாம் ஓபல். சத்தியமாச் சொல்றேன், வேணாம்."

பிரைமர் கருகிச் சுருண்டது. அதற்குக் கீழே எதுவும் எரியவில்லை, நாறவில்லை. வெள்ளி மாதிரி ஒன்று வியர்த்தது. வியர்த்து, தொங்கி, சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்து தட்டைக் காசுகளாக உறைந்தது.

ஈயம். பிளாஸ்டிக் பட்டி வருவதற்கு முந்தைய காலத்துச் சரக்கு. வெர்லின் பூசியிருக்க வழியே இல்லை.

ஈயம் ஓடிப்போன இடத்தில் வண்டிக் கூரையும் அதைத் தாங்கும் சன்னல் தூணும் மூன்று விரல் இடைவெளியில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. கோணல் அறுப்பு. நடுவில் காப்பி டப்பாத் தகரத்தைக் கிழித்துச் செருகியிருந்தது. தகரத்தில் பிராண்டு பெயரின் பாதி எழுத்துகள்கூட அழியவில்லை.

ஓபல் தீயை அணைத்தாள். குனிந்து அந்தத் தகரத்தின் எழுத்தைப் படித்தாள். "அது எங்க வீட்டுக் காப்பி" என்றாள்.

"ஜனவரியில சுரண்டும்போது கண்டுபிடிச்சேன். அன்னிக்குத்தான் சன்னல ஒட்டினேன்" என்றான் வெர்லின்.

"இருபது வருஷம் காந்தத்த வச்சிட்டு நின்னானே" என்றேன் நான்.

"காந்தம் வைக்கிறவன் வண்டிக்கு யாரு காந்தம் வைப்பா?"

வெர்லின் மூலையில் கிடந்த ஒரு சாக்கை விலக்கினான். கீழே நான்கு தகட்டுத் துண்டுகள், சக்கரத்தில் உருட்டி எடுத்தவை. கூரையின் வளைவு அப்படியே. விரலை வைத்தால் வழுக்கியது. "இத அந்த இடத்துல பத்த வச்சு ஒட்டிட்டா போதும். காந்தம் நிக்கும். டோர்சி சொன்னது நிசமாயிடும். யாருக்கும் தெரிய வேணாம்."

ஓபல் துண்டுகளைத் தொடவில்லை. சந்தேகத்தோடு அவனைத்தான் பார்த்தாள். "அம்பத்தெட்டுல கட்ட விரல் அகலப் பட்டிக்காக உன் வண்டியப் பின்னாடி தள்ளினவன் அவன். இன்னிக்கு வரைக்கும் நீ கழிவறப் பக்கந்தான் நிக்கிறே. உனக்கு எதுக்கு அவன் மேல அக்கற?"

"அவன ஜெயிக்கணும்னுதான் இத்தன வருஷம் தட்டிட்டிருந்தேன். அவனே பொய்யன்னா நான் யார ஜெயிக்கிறது?"

"பேச்சு நல்லாருக்கு. நிசத்தச் சொல்லு."

வெர்லின் கழுத்தைச் சொறிந்தான். "முன் வரிசையில என் தகடு நிக்கணும். அவன் பேர்லயாவது."

"ம். இது நிசம்."

பிறகு சொன்னாள்: "உன் தகடு வேணாம். அது ஏறினா இது உன் வண்டி."

"கூரை மட்டுந்தானே ஓபல்."

"அவன் கையால செஞ்சது கூரை மட்டுந்தான். மிச்சமெல்லாம் ஃபோர்டு செஞ்சது."

தரையிலிருந்த ஈயத்தைப் பெருக்கி எடுத்தாள். ஒரு மரக்கரண்டியில் மெழுகு தடவிக்கொண்டு, ஈயத்தைக் குழைய வைத்து, அதே காப்பித் தகரத்தின் மேல் தானே அப்பி இழுத்தாள். நன்றாக வரவில்லை. வெர்லின் பார்க்கச் சகிக்காமல் வாசலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டான்.

ஏப்ரலில் அவளே வண்டியை ஓட்டிவந்தாள். கொடிக்கம்பத்தைத் தாண்டிப்போய்ப் பட்டி வரிசையில், வெர்லின் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். திடலில் எல்லாத் தலையும் திரும்பியது. டோர்சிக்குப் பிறகு காந்தம் பிடிக்கிற ராய்ஸ் தொந்தியோடு ஓடிவந்தான்.

"ஓபல், இடம் மாறி வந்துட்டே."

"மாறல. கூரையில ஈயம். டோர்சி அடச்சது. வச்சுப் பாரு."

ராய்ஸ் திரும்பி வெர்லினை முறைத்தான். "இவன் வேலதானே? பண்றதையும் பண்ணிட்டு, செத்தவன் தலையில போடச் சொன்னானா?"

நான்கைந்து பேர் வெர்லினை நெருங்கினார்கள். அவன் தன் வண்டிக்குள் ஏறிக்கொண்டான்.

"அவன் தொடல" என்றாள் ஓபல். ராய்ஸ் கையிலிருந்து காந்தத்தைப் பிடுங்கி, எல்லாரும் பார்க்கக் கூரை மூலையில் வைத்தாள். விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தாள். மறுபடி விழுந்தது.

ராய்ஸ் குனிந்து அதை எடுத்தான். ஊதினான். சட்டையில் துடைத்தான். வெயிலில் தூக்கிப் பார்த்தான். டோர்சியின் வண்டியையும் பார்த்தான். அப்புறம் ஊருக்குப் பொதுவாகச் சொன்னான்: "காந்தம் கெட்டுப்போச்சு."

"ஆமா, கெட்டுப்போயிருக்கும்" என்றார்கள் எல்லாரும். அவர்கள் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

பட்டி வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்: "எப்பலருந்து கெட்டுப்போச்சு?"

ராய்ஸ் காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"அப்ப எங்க வண்டியெல்லாம்?" என்றான் இன்னொருவன். பதிலுக்குக் காத்திராமல் எஞ்சினைக் கிளப்பினான். அடுத்தவனும் கிளப்பினான். பின் வரிசை முழுக்கப் புகையைக் கக்கிக்கொண்டு கொடிக்கம்பத்தை நோக்கி நகர ஆரம்பித்தது. தடுக்க ஒருவரும் முன்வரவில்லை. எதை வைத்துத் தடுப்பது?

வெர்லின் மட்டும் தன் வண்டிக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்தான். ஓபல் பக்கத்து வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினாள். அவன் தன் சன்னல் கண்ணாடியை இறக்கினான்.

"நீ இத வேணும்னே பண்ணினியா?"

"பிரேக்க எடு வெர்லின்" என்றாள் ஓபல். "பின்னாடி வண்டி நிக்குது."