நாவற்பழம் தின்ற ஆடி மாதம்

பட்டாசுக் கம்பெனியில் மத்தாப்புக்குக் கலர் மருந்து கலக்குகிறவனுக்குப் பயம் என்பதே இருக்கக் கூடாது. எனக்கு இருந்ததில்லை. ஒருமுறை பக்கத்து ஷெட் வெடித்து அதன் கூரைத் தகரம் சாத்தூர் வரைக்கும் பறந்து போய் ஒரு வெள்ளாட்டின் முன்னால் இறங்கியது. ஆட்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. நான் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே அது போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தகரத்தின் வேகம் போதவில்லை என்றுகூட நினைத்தேன்.

அப்பேர்ப்பட்ட நான் ஊசிக்குப் பயந்தவன்.

இந்தக் காலத்து ஊசியை மனதில் வைத்துக்கொண்டு சிரிக்காதீர்கள். நான் சொல்வது 1962-ஆம் வருஷம். அன்றைக்கு ஊசி என்றால் சட்டியில் போட்டு அவித்து எடுப்பார்கள். முனை மழுங்கினால் கல்லில் தீட்டுவார்கள். என் கண்ணுக்கு அது கடப்பாரைக்குத் தம்பி மாதிரி இருந்தது. அதே ஊசி எனக்கு முன்னால் அரை சிவகாசியைக் குத்திவிட்டு வந்திருக்கும்.

அந்த ஆனியில் காலில் தகரம் கீறிய புண் ஒன்று ஆறவே இல்லை. ஊருக்கு வடக்கே இருந்த மிஷன் டிஸ்பென்சரிக்குப் போனேன். அங்கே நர்சு ஞானதீபம் சிஸ்டர். டாக்டர் புதன்கிழமை மட்டும் வருவார். மற்ற நாளெல்லாம் சிஸ்டர் ராஜ்ஜியம்தான். குட்டையான உருவம், ஆனால் அவர் குரல் கேட்டால் வராந்தாவில் இருமுகிறவன் இருமலை நிறுத்திவிட்டு மன்னிப்புக் கேட்பான்.

புண்ணைப் பார்த்ததும் சிஸ்டர் ஒரு சீசாவைக் கையில் கொடுத்துக் கொல்லைப்புறம் அனுப்பினார். கொண்டுவந்து கொடுத்ததும், கண்ணாடிக் குழாயில் நீல மருந்துத் தண்ணீரை ஊற்றி, அதில் என் நீரை எட்டே எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினார். நீலம் பச்சையானது. பச்சை மஞ்சளானது. மஞ்சள் ஆரஞ்சாகி, கடைசியில் செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது.

நான் கலர்க்காரன் அல்லவா, ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். "நல்லா வந்திருக்கு சிஸ்டர். ஒரு கலரு வாரதுக்கு நாங்க எம்புட்டுப் பாடுபடுவோம் தெரியுமா."

"நல்லாவா வந்திருக்கு?" என்றார் சிஸ்டர். "அண்ணாச்சி, ஒங்களுக்குச் சக்கரை. நீலம் நீலமாவே நின்னாத்தான் நல்லது. செங்கல்னா ரொம்பக் கூட. டாக்டர்ட்டச் சொல்லுதேன், மாத்திரை எழுதுவாரு. ஒரு மாசம் பாப்பாரு. அப்பவும் செங்கல்னா தெனம் ஊசி."

"ஒரு ஊசியா?"

"தெனமும் ஒண்ணு. ஆயுசு பூராவும்."

அன்று மத்தியானமே ஆயுசைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எண்பது வயது என்று வைத்தால் பதினாறாயிரம் கடப்பாரை வந்தது.

சிஸ்டர் இன்னும் சொன்னார். சோற்றைப் பாதியாகக் குறைக்க வேண்டும். கருப்பட்டிக் காப்பியை மறந்துவிட வேண்டும். காலையும் மாலையும் நடக்க வேண்டும். "பசிச்சா ஒரு கை நாவப்பழம் தின்னுங்க. தித்திப்புக் கம்மி. வயித்துக்கு நல்லது, ரத்தத்துக்கு நல்லது. அந்தக் கறுத்த தோல்லதான் சத்தே இருக்கு, துப்பிராதீக. ஆனா பழம் பழந்தான், மருந்து இல்ல. மாத்திரைய விட்டுராதீக, என்ன?"

நான் 'நாவப்பழம்' வரைக்கும்தான் கேட்டேன். மிச்சமெல்லாம் வாசலோடு போய்விட்டது. டாக்டர் எழுதிய மாத்திரையையும் பாதிச் சோற்றையும் வீட்டுக்காரிதான் நேரம் தவறாமல் கொடுத்துவந்தாள்.

அந்த ஆடியில் நான் தின்ற நாவற்பழத்தை வரிசையாக வைத்தால் விருதுநகர் போய்த் திரும்பி வரலாம். ஒரு கை என்று சிஸ்டர் சொன்னது பயமில்லாதவர்களுக்கு. எனக்குக் காலையில் இரண்டு உழக்கு, மத்தியானம் இரண்டு உழக்கு, பொழுது சாயும்போது மடி நிறைய. கூடையில் பழம் கொண்டுவரும் பஞ்சம்மாள் மற்ற தெருக்களுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். வெம்பக்கோட்டை ரோட்டு நாவல் மரங்கள் என்னைக் கண்டால் கிளையை மேலே தூக்கிக்கொண்டன.

இன்றைக்கு ப்ளூபெர்ரி என்று கோலிக்குண்டு அளவில் ஒரு பழத்தைப் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்துக் குளிர்பெட்டிக்குள் மரியாதையாக வைத்து விற்கிறார்களே, அதைப் பற்றிப் பத்திரிகையில் போடுகிறதும் இதேதான். தோலின் நீலத்தில் சத்து, நார்ச்சத்து, வைட்டமின் சி, ஈறுக்கு நல்லது, இதயத்துக்கு நல்லது. படித்தபோது சிஸ்டரின் குரலே காதில் கேட்டது. ஆனால் நாலு உழக்குத் தின்றால் என்ன ஆகும் என்று எந்தப் பத்திரிகையும் போடுவதில்லை. நான் சொல்கிறேன். தொண்டை கட்டும். நாக்கு ஊதா நிறமாகும். மூன்று நாளைக்கு வயிறு கதவைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போட்டுவிடும்.

கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த ஊர்க்காவலன் என்பவன் என் வாயைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "ஏலே சங்கிலி, நீலக் கலரு வரமாட்டேங்குதுன்னு மொதலாளி அழுதாரு. ஒன் நாக்க வெட்டிக் குடுத்தா இந்த சீசனுக்குக் காணும்லே."

உண்மைதான். மத்தாப்பில் சிவப்பு வரும், பச்சை வரும், நீலம் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காது. அதே நீலம்தான் இப்போது கண்ணாடிக் குழாயிலும் எனக்கு வர வேண்டும். அதை நினைத்தால் கலக்குகிற கை நின்றுவிடும். மருந்து கலக்குகிற கை பாதியில் நின்றால், வெடிக்கப் போகிறது என்று ஊர்க்காவலன் எழுந்து வெளியே ஓடுவான்.

மாசம் முடிய ஒருநாள்தான் பாக்கி. இதற்கிடையில் நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும். அம்மன் கோயில் திருவிழாவில் நான்கு அதிரசம் தின்றிருந்தேன். ஐந்தாவதும் இருக்கலாம். நிச்சயம் செங்கல்தான் என்று தோன்றியது. கண்ணை மூடினால் சிஸ்டர் சட்டியில் ஊசியை அவிப்பது தெரிந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வேறொருவர் நீரைக் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன? ஊர்க்காவலனிடம் கேட்டால் சாயங்காலத்துக்குள் தீப்பெட்டி லேபிளில் அச்சாகிவிடும். ஆகவே என் வீட்டுக்காரியிடம் போனேன்.

பொன்னுத்தங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் உடம்புக்குள் நோய் நுழைய வேண்டுமென்றால் அவளிடம் சீட்டு வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும் என்று நான் சொல்லித் திரிவேன். நாலு ஆள் சாப்பாட்டை ஒற்றை ஆளாகச் சாப்பிடுவாள், ஒரு சுற்றுக்கூடப் பருக்க மாட்டாள். அந்த வருஷம் இன்னும் ஒடுங்கி நாணல் மாதிரி இருந்தாள். தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாளானால் குடம் காலியாகும் சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்கும். இரும்பு உடம்பு என்று ஊரெல்லாம் பெருமை அடித்தவன் நான்.

"ஏ பிள்ள, ஒரு உதவி," என்றேன், இருமல் மருந்து பாட்டிலை நீட்டி. "இதுல கொஞ்சம் பிடிச்சுக் குடு."

"என்னத்த, எண்ணெயா?"

"எண்ணெ இல்ல. ஒன்னோடது."

அவள் பாட்டிலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ஏன், ஒங்களோடது தீந்து போச்சா?"

"என்னோடது செகப்பா வந்திரும்."

"என்னோடது நீலமா வருமாக்கும். நான் என்ன கிருஷ்ணரா?"

"வெளையாடாத. ஆயுசுக்கும் ஊசிங்காக."

"மருந்துக் குவியல்ல உக்காந்து வேல பாக்குறீக, ஊசிக்கு இந்த நடுக்கமா?" என்று சிரித்தாள். நான் பாட்டிலை நீட்டியபடியே நிற்பதைக் கண்டதும் சிரிப்பை நிறுத்தினாள். "குடுங்க இங்கன. நர்சம்மாவுக்குத் தெரிஞ்சா நான் பொறுப்பில்ல."

மறுநாள் பாட்டிலைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி டிஸ்பென்சரிக்குப் போனேன். சிஸ்டர் குழாயில் நீல மருந்தை ஊற்றினார். எட்டுச் சொட்டு விட்டார். விளக்கைப் பற்ற வைத்தார். நான் சுவரில் சாய்ந்து கால் மேல் கால் போட்டு நின்றேன்.

நீலம் பச்சையானது.

காலைக் கீழே இறக்கினேன். பச்சை மஞ்சளானது. ஆரஞ்சைத் தாண்டிப் போனது. செங்கல்லிலும் நிற்காமல், குழாயின் அடியில் காவிச் சேறு மாதிரி கெட்டியாகத் தங்கியது.

சிஸ்டர் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் ஏசியிருந்தால் எனக்குத் தைரியம் வந்திருக்கும். ஏசவில்லை. "போன மாசத்தவிட மோசம் அண்ணாச்சி," என்று மெதுவாகச் சொன்னார். "இன்னைக்குப் புதன்கெழம. டாக்டர் உள்ள இருக்காரு. ஒக்காருங்க." அலமாரியிலிருந்து தகரப் பெட்டியை எடுத்தார். உள்ளே கண்ணாடியும் இரும்பும் உரசுகிற சத்தம் கேட்டது.

அந்தச் சத்தத்தில் என் உயிர் பாதி போய்விட்டது. மிச்சப் பாதி வாசலைப் பார்த்தது. ஓடிவிடலாமா என்று ஒரு காலை நகர்த்தியும் விட்டேன்.

"தண்ணி ரொம்பக் குடிக்கீகளா?" என்று கேட்டார் சிஸ்டர், முதுகைக் காட்டிக்கொண்டே.

"குடத்தோட," என்றேன் பழக்கத்தில்.

"பசி?"

"நாலு ஆளுச் சாப்பாடு."

"மெலிஞ்சிருக்கீகளா?"

"ஆமா சிஸ்டர். ஜாக்கெட்ட ரெண்டு தடவ பிடிச்சுத் தச்சாச்சு."

சிஸ்டர் திரும்பினார். என் தொந்தியைப் பார்த்தார். "ஜாக்கெட்டா?"

அப்போதுதான் எனக்கே நான் சொன்னது கேட்டது. பெருமையடித்ததெல்லாம் ஒவ்வொன்றாக இறங்கி வந்து அந்தக் குழாய்க்குள் போய் உட்கார்ந்தது. இதில் நான் ஒரு சொல்லைக்கூடப் பெரிதாக்கவில்லை: எனக்கு உடம்பு சில்லிட்டுவிட்டது. வாயை மூடிக்கொண்டு அந்த ஊசியைப் போட்டுக்கொண்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. அவள் மட்டும் வீட்டில் குடம் குடமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருப்பாள்.

"அது என்னோடது இல்ல சிஸ்டர். என் வீட்டுக்காரி நீரு. ஊசிக்குப் பயந்து கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

அன்று நான் வாங்கிய ஏச்சு இன்னும் அந்த வராந்தாச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு மூச்சில் ஏசி முடித்துவிட்டு, என்னுடையதை வாங்கிக் காய்ச்சினார். பச்சையில் நின்றது. "பாத்தீகளா, ஒங்களுக்கு ஊசியே வேண்டாம். மாத்திரையும் சோத்தக் கொறச்சதும் கேட்டிருக்கு. நாலு உழக்குப் பழத்துக்காகன்னு நெனைக்காதீக. சைக்கிள எடுங்க. டாக்டர் போறதுக்குள்ள அவுகளக் கூட்டிட்டு வாங்க."

பெடலை மிதித்தது நினைவிருக்கிறது, ரோடு நினைவில்லை. வீட்டில் பொன்னுத்தங்கம் எனக்காக நாவற்கொட்டை இடித்துக்கொண்டிருந்தாள்.

"சைக்கிள்ல ஏறு."

"எதுக்கு? கண்டுபிடிச்சிட்டாகளா?"

"ஒனக்குச் சக்கரை. என்னயவிட ரொம்பக் கூட."

"எனக்கா? நான் நல்லாத்தான இருக்கேன். ஒங்களுக்கு உதவி செஞ்சா, நோயத் தூக்கி என் தலையில வைக்கீகளே," என்றாள். குரலில் ஏச்சு இருந்தது. உலக்கையைச் சுவரில் சாய்க்க இரண்டு தரம் முயன்றும் அது நிற்காமல் சரிந்தது. கேரியரில் உட்கார்ந்து வழியெல்லாம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அதற்கு முன் பிடித்தவள் இல்லை.

டாக்டர் பார்த்தார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பாள் என்றார். தினமும் காலையில் ஊசி. பத்து நாள் சிஸ்டர் போடுவார், அதற்குப் பிறகு வீட்டிலேயே போட்டுக்கொள்ள வேண்டும்.

"வீட்டுல யாரு போடுவா?" என்று கேட்டேன்.

சிஸ்டர் என்னைப் பார்த்தார்.

பத்து நாளும் வராந்தாவில் உட்கார்ந்து நாவற்பழத்தைக் குத்திப் பழகினேன். வெறும் தண்ணீரை ஏற்றிக் குத்த வேண்டும். முதல் நாள் குத்தியதில் பாதி என் கட்டைவிரலுக்குப் போனது. "பழத்துக்கு வலிக்காது, நீங்க எதுக்குக் கத்துறீக?" என்றார் சிஸ்டர். மருந்து அளவைக் கோட்டுக்குக் கோடு பார்க்க வேண்டும், கூடினால் அவள் மயங்கிவிடுவாள், போட்ட அரை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் என்னை ஒப்பிக்க வைத்தார். ஆயிரம் பேர் வேலை பார்க்கும் கம்பெனியில் மருந்தைக் கைக்கணக்கில் அள்ளிப் போட்டவன் நான். அந்த ஒரு சின்னக் கோட்டுக்கு முன்னால் எனக்கு வேர்த்துக் கொட்டியது.

பதினோராம் நாள் காலை. சட்டியில் ஊசியை அவித்தேன். ஆற வைத்தேன். கோட்டை நாலு தடவை பார்த்தேன். பொன்னுத்தங்கம் முக்காலியில் உட்கார்ந்து சேலையை ஒதுக்கிக் கையைக் காட்டினாள். பக்கத்தில் கேப்பைக் கஞ்சி தயாராக இருந்தது. ஐந்தாவது தடவையாகக் கோட்டைப் பார்த்தேன்.

"என்ன யோசன? கஞ்சி ஆறுது," என்றாள்.

அவள் தைரியமெல்லாம் பேச்சோடு சரி. மற்றக் கை என் வேட்டி நுனியை இறுக்கிப் பிடித்திருந்தது. அது அவளுக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

"கண்ண மூடிக்க பிள்ள," என்றேன்.

"நான் மூடிக்கிடுதேன்," என்றாள். "நீங்க மூடிராதீக."