கோரல் என்ற குண்டுவீச்சு விமானம்

1943, ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன். எதிரியான ஜப்பான்காரர்களின் விமானங்களுக்குச் சங்கேதப் பெயர் வைப்பதுதான் அங்கிருந்த ஒரு ராணுவ அலுவலகத்தின் வேலை. சண்டை விமானம் என்றால் ஆண் பெயர், குண்டு போடுகிற விமானம் என்றால் பெண் பெயர். வானத்தில் உயிர் போகிற அவசரத்தில் வாயில் சட்டென்று வரவேண்டும், அவ்வளவுதான்.

புதிதாக ஒரு குண்டுவீச்சு விமானத்தின் படம் வந்த அன்று கேப்டன் டியூக்ஸ், "ஏதாவது ஒரு பொண்ணு பேரு சொல்லுப்பா" என்றார். படம் வரைகிற சார்ஜன்ட் வில்ஃப் யோசிக்கவே இல்லை. "கோரல்" என்றான். கீழ்த்தளத்தில் டெலிபிரிண்டரில் வேலை பார்க்கும் கோரலிடம், ஆறு மாதமாக ஒரு 'குட்மார்னிங்'குக்கு மேல் பேசத் துணியாத மகானுபாவன் அவன்.

புத்திசாலிக்கு உறைக்க இரண்டு வாரம் ஆயிற்று. போர்முனைச் செய்தியெல்லாம் முதலில் அவள் கைக்குத்தானே வருகிறது! 'கோரல் சுட்டு வீழ்த்தப்பட்டது.' 'இரண்டு கோரல்கள் கடலில் விழுந்தன.' கூட வேலை செய்யும் பெண்கள் அவளுக்கு மலர்வளையம் வைக்காத குறை. அவள் அந்த 'குட்மார்னிங்'கையும் நிறுத்திவிட்டாள். பாவம், வில்ஃபுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கேப்டனிடம் ஓடினான். "பேரை மாத்திடலாம் சார்."

"விளையாடுறியா? இருபதாயிரம் கையேடு அச்சடிச்சு எல்லா விமானத்தளத்துக்கும் அனுப்பியாச்சு. இப்ப மாத்தினா நம்ம பசங்க குழம்பிச் சாவாங்க. போய் அந்தப் பொண்ணு கால்ல விழு, போ!"

தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டே போனான்.

"பேர் வச்ச புண்ணியவான் நீங்கதானாமே?" என்றாள் கோரல், தட்டுவதை நிறுத்தாமல். "எம்மேல அப்படி என்ன கோவம் உங்களுக்கு?"

"கோவமா? ஐயோ! உங்க பேரை ஒரு நாளைக்குப் பத்து தடவை வாய்விட்டுச் சொல்ல எனக்கு வேற வழி தெரியலைங்க."

அவள் விரல்கள் நின்றன. பக்கத்துப் பெண்களும் தட்டுவதை விட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்கள். கோரல் அவனை மேலும் கீழும் பார்த்தாள். முகத்தில் இருந்த கடுகடுப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது.

"மாத்தவே முடியாதா?"

"முடியாதுங்க."

"அப்போ அடுத்து வர்ற சண்டை விமானத்துக்கு வில்ஃப்னு பேர் வை. தினமும் நான் ஒருத்தியே தனியா கடல்ல விழணுமா?"