ஊறுகாய் வாசம் அடித்த இரும்பு

வியாழக்கிழமை என்றால் எனக்குக் கெட்டில்மேல் ஒரு கண், வாசல்மேல் ஒரு கண். மினெகோ வருவாள். வாளின் பிடிக்கும் அலகுக்கும் நடுவே மாட்டும் பழைய இரும்பு வட்டு ஒன்றை இறந்துபோன அவள் கணவர் விட்டுப்போயிருந்தார். துரு எடுக்க என்னிடம் கொடுத்திருந்த அதைப் பார்க்கத்தான் வருவாள். என்னைப் பார்க்க வருகிறாள் என்று நினைக்க எனக்கென்ன பைத்தியமா?

எங்கள் கடலோர ஊரான ஹாகியில் துருப்பிடித்த வட்டென்றால் என்னிடம்தான் வரவேண்டும். அமிலத்தில் முக்கிப் பளபளவென்று எடுத்துத் தருகிறவனெல்லாம் என் கணக்கில் கொலைகாரன். அடியில் இருக்கும் கறுப்புத் தோல் தலைமுறை தலைமுறையாகக் கை பட்டு ஏறியது. சிவப்புத் துருவை மட்டும் மான்கொம்பால் சுரண்டி, துணியால் தேய்த்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டே அலைய வேண்டும். உடம்புச் சூட்டில் மெல்ல மினுங்கும். "என்னைவிட அந்த இரும்பைத்தான் அதிகமாத் தடவுறீங்க" என்பாள் என் மனைவி. இப்போது அப்படித் திட்டவும் ஆளில்லை. வீடு முழுக்க என் இருமல் சத்தம்தான்.

வேலை முடியும்வரை மினெகோ வாராவாரம் வந்து, டீ குடித்து, பக்கத்து வீட்டுக்காரியைக் கரித்துக்கொட்டிவிட்டுப் போவாள். முடித்துக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் திரும்பக் கொண்டுவந்தாள்.

"மறுபடி துரு புடிச்சிடுச்சு, குவபாரா-சான். எல்லாம் இந்தக் கடல் காத்து."

சுரண்டிக் கொடுத்தேன். மறுபடி வந்தது. ஒவ்வொரு தடவையும் துருவோடு கறுப்புத் தோலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. சந்தேகப்பட்டு மூக்கருகே கொண்டுபோனேன். உப்பும் புளிப்புமாக வாசம். பிளம் ஊறுகாய்!

"இத எதுல வெச்சிருந்தீங்க?"

"அலமாரியிலதான்." அவள் முகம் சிவந்துபோனது.

"அலமாரியில ஊறுகாய் வாசம் எப்படிங்க வரும்? வேணும்னே ஜாடிக்குள்ள போட்டிருக்கீங்க! உங்க வீட்டுக்காரர் தடவித் தடவி வெச்ச இரும்புங்க இது! டீ குடிக்கணும்னா சும்மா வந்து குடிக்க வேண்டியதுதானே?"

"சும்மா எப்படிங்க வர்றது? தனியா இருக்கிற ஆம்பள வீட்டுக்கு, கையில ஒரு காரணமும் இல்லாம?"

வட்டையும் பாதி டீயையும் அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். என் வாயில் தீயை வைக்க!

அடுத்த வியாழன் இரண்டு கோப்பை எடுத்து வைத்தேன். வரவில்லை. அதற்கடுத்த வியாழனும் இல்லை. மழைக்காலம் முழுக்க அவள் வட்டு என் பையில் கிடந்து, நல்ல கறுப்பாகத் தேறிவிட்டது. 'வேலை முடிஞ்சது, வாங்கிட்டுப் போங்க' என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. சொன்னால், வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டு போவாள். அதோடு சரி. அதை நினைத்தாலே சோறு இறங்கவில்லை.

என் அடுக்களையிலும் ஊறுகாய் ஜாடி இருக்கிறது. ஒருநாள் மத்தியானம் அதன் மூடியைத் திறந்து, வட்டைக் கையில் பிடித்தபடி நின்றேன். சீ, என்ன ஜென்மம் நான்! மூடியை இறுக்கி மூடிவிட்டுப் போனை எடுத்தேன்.

"மினெகோ-சான், உங்க வட்டு மறுபடி துரு புடிச்சிடுச்சுங்க."



"உங்க பையில இருந்துமா?"

"ஆமாங்க. எல்லாம் இந்தக் கடல் காத்து."

"அடடா! அப்ப நான் நேர்ல வந்து பார்த்தே ஆகணுமே" என்றாள்.

போனை வைத்துவிட்டு வட்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு பொட்டுத் துரு கிடையாது.